அரைக் கடலுக்கு ஒரு கண்ணாடி

தீவுப்பகுதியிலேயே பெரிய விசரன் ஆர் என்று ஒரு போட்டி வைத்தால் நான் அதில் கலந்துகொள்ள மாட்டேன். கலந்துகொண்டால் மற்றவர்களுக்கு அநியாயம்.

காரணம் சொல்கிறேன். என் மனிசி றெஜினா மத்தியானச் சோற்றுக்கு மீன் பொரித்திருந்தாள். வாசம் வளவு முழுக்க நின்றது. நான் கதிரையில் இருந்து தட்டைப் பார்த்தேன். சோறு இருந்தது, பருப்பு இருந்தது, கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. மீனைக் காணவில்லை.

"இஞ்சாரும், கடல்காரன்ரை வீட்டிலை மீனில்லாமல் சோறோ?"

அவள் குசினியிலிருந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை அரைவட்டம் திருப்பினாள். மீன் வந்தது. இரண்டு துண்டு, நல்ல முறுகலாக.

இந்த இடத்தில் மூளையுள்ள மனிசன் என்ன செய்வான்? கண்ணில் ஏதோ பிழை என்று பயப்படுவான். நான் என்ன நினைத்தேன் தெரியுமோ? மனிசி மீனை ஒளித்து வைத்துவிட்டு, கேட்ட பிறகு கள்ளமாக எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே கூத்து. அதற்கு அடுத்த நாள், "என்னை வைச்சு விளையாடுறீரோ" என்று கத்திக்கொண்டு எழும்பிப் போய், இடது தோளைக் கதவு நிலையில் மோதிக்கொண்டேன். மோதியதும் நிலைக்கும் ஏசினேன், ஆர் உன்னை இஞ்சை கொண்டுவந்து வைச்சது என்று. அந்த நிலை வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது.

தட்டில் கிடந்த மீனைக் காணாத இந்த மனிசனின் கையில்தான் அந்தக் கிழமை எழுவைதீவுச் சனத்தின் உயிர் இருந்தது. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து எழுவைதீவுக்குப் போகும் பயணிகள் படகை நான்தான் ஓட்டினேன். அந்தத் தீவுக்குப் பாலமில்லை. படிப்பிக்கப் போகும் ரீச்சர்மார், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஆஸ்பத்திரிக்கு வரும் வருத்தக்காரர் எல்லாரும் எல்லாமும் படகில்தான் போய் வரவேண்டும். என் தகப்பனும் ஓட்டியவர். சுக்கானைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அதற்குக் கொஞ்சமும் வெட்கப்படாமல், இதைவிடத் தெரிந்துகொள்ள உலகத்தில் என்ன இருக்கிறது என்று துறைமுகத் தேத்தண்ணிக் கடையில் இருந்து பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான்.

போகும் வழியில், ஆழமில்லாத ஒரு இடத்தில் செபமாலை அண்ணையின் களங்கண்டி இருக்கிறது. கடலில் தடிகளை நட்டு, சுற்றிவர வலை கட்டி, மீன் தானாகவே உள்ளே போய் வழிதெரியாமல் நிற்கும்படி செய்கிற அடைப்பு அது. எழுவைதீவுக்குப் போகும்போது இடப்பக்கம் வரும். திரும்பி வரும்போது வலப்பக்கம் வரும். நித்திரையிலும் அதை விலத்தி ஓட்டுவேன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அன்றைக்கு விழித்திருந்தேன். அதுதான் பிழையாய்ப்போனது.

"அண்ணை, இடப்பக்கம்! இடப்பக்கம்!" எஞ்சினடியில் நின்ற ஜெறோம் குழறினான்.

நான் பார்த்தேன். வெறும் கடல்.

"இடப்பக்கம் ஒண்டுமில்லையடா, மூடு வாயை" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, படபடவென்று தடிகள் முறிந்தன. வலை எங்கள் அடியில் சுற்றிக்கொண்டது. ஒரு ரீச்சரின் குடை கடலுக்குள் போனது. நெஞ்சளவு தண்ணீரில் நின்ற செபமாலை அண்ணை கையிலிருந்த வலைத்தலைப்பை விடாமல் என்னைப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு வழியிலை நட்டனீங்கள்?" என்று நான்தான் முதலில் ஏசினேன்.

"உன்ரை கொப்பர் ஓட்டின காலத்திலையும் இது இஞ்சைதான் நிண்டது. அவர் ஒருநாளும் முட்டேல்லை" என்றார்.

படகிலிருந்த சனம் நான் குடித்திருக்கிறேன் என்று முடிவு கட்டியது. குடை போன ரீச்சர் கிட்ட வந்து என் வாயை மணந்தும் பார்த்தா. மணக்கவில்லை என்றதும்தான் பயந்துபோனா. குடிகாரன் என்றால் விளங்கும். குடிக்காதவன் இப்படிச் செய்தால் என்ன நினைப்பது? ஜெறோம் என் கையை எடுத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தான். அவனுக்கு எஞ்சினைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவன் சனத்தையும் என்னையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அது இன்னும் எரிச்சல்.

அன்று பின்னேரமே றெஜினா என்னை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். தலைக்குள் படம் எடுக்கும் ஸ்கான் என்ற வளையத்துக்குள் படுக்கவைத்தார்கள். ஒரு டொக்டர் வந்து விரலை அங்கும் இங்கும் ஆட்டினார். வலப்பக்கம் ஆட்டிய விரலை எல்லாம் சரியாகச் சொன்னேன். பிறகு விரல் ஆட்டுவதை நிற்பாட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் டொக்டர் நிப்பாட்டிப்போட்டியள்?"

"நிப்பாட்டேல்லை ஐயா. இடப்பக்கம் ஆட்டிக்கொண்டுதான் நிக்கிறன்."



அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். என் கண் இரண்டும் நல்ல கண். பழுது கண்ணில் இல்லை. கண் பார்ப்பதை வாங்கி விளங்கிக்கொள்ளும் இடம் மூளையின் பின்பக்கத்தில் இருக்கிறது. நமக்கு இடப்பக்கமாக இருக்கிறதை எல்லாம், இரண்டு கண்ணும் பார்த்தாலும், மூளையின் வலப்பக்கம்தான் வாங்கும். அந்த இடத்துக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி ஒன்று அடைத்துவிட்டது. பிறஷர் குளிசையை நினைத்தால் போடுவது, நினைக்காவிட்டால் விடுவது என்று நான் நடத்திய சீவியத்துக்குக் கிடைத்த பரிசு. இதுவும் பாரிசவாதம்தான், ஸ்ரோக்தான். கை கால் தப்பிவிட்டது. உலகத்தின் இடது பாதி போய்விட்டது. முழுப் பார்வைப்பரப்பில் ஒரு பாதி இல்லாமல் போகிற வருத்தம்.

இருட்டாகத் தெரியுமோ என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. உங்கள் பின்னந்தலையால் இப்போது என்ன தெரிகிறது? கறுப்போ? கறுப்பும் இல்லை, ஒன்றுமில்லை, அப்படி ஒரு இடம் இருப்பதே ஞாபகத்தில் இல்லை, அல்லவா? எனக்கு இடப்பக்கம் அப்படித்தான். கறுப்பாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். இல்லாத ஒன்று இல்லையென்று எப்படித் தெரியும்?

வாட்டில் படுத்துக்கொண்டு நான் ஒன்றைத்தான் யோசித்தேன். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று இல்லை. சுக்கானை இனித் தருவார்களா என்றுதான். கண்ணை மூடினால் கடல் முழுசாகத் தெரிந்தது. திறந்தால் பாதி. ஒருநாள் பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன். நித்திரை என்று நினைத்து தாதி மிஸி போர்வையை இழுத்துவிட்டுப் போனா.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பாரிசவாதம் என்று கேள்விப்பட்டு, கோணிய வாயும் தொங்கிய கையும் பார்க்கலாமென்று பஸ் ஏறி வந்தவர்கள் அவர்கள். என்னைக் கண்டதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் இருக்கிறதே, மலிவு விற்பனை என்று போன கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று கேட்டவர்களின் முகம். எங்கள் ஊர்ச் சிற்றம்பலம் மாஸ்டர் கட்டிலருகில் நின்று எனக்குப் பரீட்சை வைத்தார்.

"கையைத் தூக்கும் பாப்பம்."

தூக்கினேன்.

"மற்றக் கை? கால்? நாக்கை நீட்டும்."

எல்லாம் வேலை செய்தது.

"அப்ப ஏன் காணும் இஞ்சை படுத்திருக்கிறீர்?" என்றார், கொண்டுவந்த தோடம்பழத்தைத் திருப்பி எடுக்கப் போகிறவர் போல. பிறகு முருங்கையிலை, பொன்னாங்காணி, தலைக்கு நல்லெண்ணெய், கண்ணை உருட்டும் அப்பியாசம் என்று தொடங்கினார். நான் மெல்ல முகத்தை வலப்பக்கச் சுவரை நோக்கித் திருப்பினேன். மாஸ்டர் அப்படியே இல்லாமல் போனார். இந்த வருத்தத்தில் நான் கண்ட முதல் நன்மை அது. குரல் மட்டும் நின்றது. காதிலும் பாதியை அடைக்காமல் விட்டது பெரிய குறை.

அதன்பிறகு தொல்லைகொடுக்கும் ஆட்களை எல்லாம், "உங்கை இருங்கோ" என்று இடப்பக்கக் கதிரையில் இருத்தினேன். வேண்டிய ஆட்கள் வலப்பக்கம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது றெஜினா. அடுத்த நாள் அவள் வந்து, வலப்பக்கம் இடமிருக்க, இடப்பக்கம் போய் இருந்தாள்.

"இஞ்சாலை வாரும். உம்மைக் காணேல்லை."

"காணவேணுமெண்டால் திரும்புங்கோ."

தேத்தண்ணிப் போத்தல் இடப்பக்கம். புட்டுப் பெட்டி இடப்பக்கம். ரேடியோ இடப்பக்கம். மீனுக்கு ஏசியதற்குப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். வீம்புக்கு ஒரு நேரம் பட்டினி கிடந்தேன். பிறகு புட்டு மணத்துக்குக் கழுத்து தானாகத் திரும்பியது. அந்தப் பக்கத்திலேயே இருந்து கழுத்தைத் திருப்பப் பழக்குங்கோ என்று மிஸி சொல்லிக்கொடுத்திருக்கிறா. எனக்குப் பிறகுதான் தெரியும். வருத்தக்காரனின் மனிசிக்கு ஆறுதல் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே எனக்கு எதிராக இரண்டு பொம்பிளைகள் கூட்டுச் சேர்ந்தார்கள். காவலுக்கு வாட்டிலேயே கதிரையில் நித்திரை கொண்டவளை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்து நன்றி சொல்லவில்லை. அவள் இருந்தது இடப்பக்கம் என்று சாட்டுச் சொல்லலாம். சாட்டு நல்ல சாட்டுத்தான்.

வீட்டுக்கு விட்டபிறகு கண் கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள். காத்திருக்கும் இடத்தில் நீள வாங்குகளில் நிறையச் சனம். எல்லாரும் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு அண்ணாந்து இருந்தார்கள், மழை வருமோ என்று பார்க்கிற கமக்காரர் மாதிரி. உள்ளே ஒரு மெசின். வெள்ளைச் சட்டியைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் வைத்தது போல இருக்கும். நாடியைத் தாங்கியில் வைத்து, சட்டியின் நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிவர எங்கேயாவது ஒரு சின்ன வெளிச்சம் வந்து போகும். கண்டால் கையில் இருக்கும் சுவிச்சை அமத்தவேண்டும். எந்தெந்த இடத்தில் காண்கிறோம், எந்த இடத்தில் இல்லை என்று மெசின் படம் கீறும். பார்வைப்புலப் பரிசோதனை என்று பெயர்.

படத்தை வைத்துத்தான் என் சுக்கானுக்கு முடிவு சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். வெளிச்சம் ஒரு சீராகத்தான் வந்து போகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. எங்கள் படகின் எஞ்சினும் ஒரு சீரில்தான் அடிக்கும். அந்தத் தாளத்தை மனதில் பிடித்துக்கொண்டு, கண்டாலும் காணாவிட்டாலும் டக், டக், டக் என்று அமத்தினேன். மெசினுக்கு என்ன தெரியும், கடலில் பழுத்த மனிசனை ஏய்க்கவோ என்று உள்ளுக்குள் ஒரு இளிப்பு.

கண் டொக்டர் இளம் பிள்ளை. என் மகளாக இருந்திருந்தால் வயது சரி. கடதாசியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"ஐயா, இடையிலை இந்த மெசின் வெளிச்சமே போடாமல் சும்மா நிக்கும், தெரியுமோ? ஆக்கள் உண்மை சொல்லினமோ எண்டு பாக்க."

நான் கடதாசியை எட்டிப் பார்த்தேன்.

"நீங்கள் வெளிச்சம் இல்லாத நேரமும் அமத்தியிருக்கிறியள். எல்லா நேரமும் அமத்தியிருக்கிறியள். இந்தப் படத்தின்படி உங்களுக்குப் பின்பக்கமும் தெரியவேணும்."

றெஜினா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியாது. அவள் இடப்பக்கம் நின்றாள்.

மறுபடி வைத்தார்கள். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். படத்தில் வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம் கரிச்சட்டி. நடுவில் கத்தியால் வெட்டினது மாதிரி ஒரு கோடு. அந்தக் கடதாசியைப் பார்த்தபோது செத்தவீட்டுக்குப் போனமாதிரி இருந்தது. முதலில் ஏமாற்றாமல் இருந்திருந்தால் அது கொஞ்சம் நல்லாக வந்திருக்கும் என்றுகூட ஒரு யோசனை. மூளையில் மிச்சம் இருந்த பாதியின் திறமை அவ்வளவுதான்.

"திரும்பி வருமோ, டொக்டர்?"

"கொஞ்சம் வரலாம், வராமலும் விடலாம். மாதங்கள் போகப்போகத்தான் தெரியும். கண்ணாடி ஒண்டு இருக்கு, ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. முதல் தலையைத் திருப்பிப் பாக்கப் பழகிக்கொண்டு வாங்கோ. பிறகு பாப்பம்."

பழகு என்றால் நான் பழகுவேனோ? கண்ணாடி என்ற சொல் மட்டும் காதில் ஏறியது. ரவுணில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல வெள்ளைச் சேட்டு, வாயில் தேன். "இது அகலப் பார்வைக் கண்ணாடி ஐயா, ரெண்டு பக்கமும் விரிச்சுக் காட்டும்" என்றார். விலையை இங்கே எழுதமாட்டேன். றெஜினாவுக்கு நான் சொன்ன விலை வேறு. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வலப்பக்கம் விரிந்தது உண்மை. வேலி கிட்ட வந்தது, வேலியில் இருந்த ஓணான் முதலை மாதிரித் தெரிந்தது. இடப்பக்கம் இருந்தபடியே இல்லை. ஒன்றுமில்லாததைப் பெருப்பித்தாலும் ஒன்றுமில்லைதானே. இது பத்தாம் வகுப்புப் பெடியனுக்கும் தெரியும். எனக்குக் காசு கொடுத்துத்தான் தெரிந்தது.

அடுத்தது கனடாவில் இருக்கும் மச்சான், றெஜினாவின் தம்பி. அங்கே பனி கொட்டத் தொடங்கினால் அவருக்கு எங்கள் நோய் எல்லாம் விளங்கத் தொடங்கிவிடும். ஆர் மூலமோ ஒரு பொதி அனுப்பினார். கண்ணாடிக் காலில் கொளுவுகிற குட்டி முகக்கண்ணாடி. மோட்டார் சைக்கிளில் இருக்குமே, அதன் பேரப்பிள்ளை. "அத்தான், இதாலை இடப்பக்கம் முழுக்கப் பாக்கலாம்" என்று போனில் சொன்னார். கொளுவிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். என் காது பெரிதாகத் தெரிந்தது. காதுக்கு அங்கால் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். கும்பிட்டு, "எப்பிடி மாஸ்டர்?" என்றேன். மாஸ்டர் பின்னால் வந்துகொண்டிருக்க நான் கும்பிட்டது முன்னால் நின்ற மாட்டை. மாடாவது பதில் மரியாதையாகத் தலையை ஆட்டியது. மாஸ்டர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், இப்போது மூளையும் தட்டிப்போய்விட்டது என்று.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கண் டொக்டரிடமே போனேன். அதற்குள் றெஜினாவின் புண்ணியத்தில் கழுத்து ஓரளவு பழகியிருந்தது. அவ மறுபடி சோதித்துவிட்டு ஒரு கண்ணாடி எழுதித்தந்தா. கொழும்பிலிருந்து வந்தது. சாதாரணக் கண்ணாடிதான். ஆனால் இடது வில்லையில் மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று, மெல்லிய வரிவரியாக ஏதோ ஒட்டியிருக்கும். நடுவில் வெறும் இடம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் அரியம் என்று ஒரு முக்கோணக் கண்ணாடித் துண்டு காட்டுவார்கள், வெளிச்சத்தை வளைக்கும். அதுதான் இது, தட்டையாக்கி ஒட்டியிருக்கிறார்கள். இடப்பக்கம் இருக்கும் சாமானின் வெளிச்சத்தை வளைத்து, எனக்குப் பார்வை இருக்கிற பக்கத்தில் கொண்டுவந்து போடும்.

"கவனமாக் கேளுங்கோ, ஐயா. இது போன பார்வையைத் திருப்பித் தராது. இடப்பக்கம் என்னவோ இருக்கு எண்டு மட்டும் சொல்லும். எங்கை இருக்கெண்டு சொல்லாது. நிழல் மாதிரி ஒண்டு தெரிஞ்சால், முதல் தலையைத் திருப்பி, நடுவாலை பாக்கவேணும். பிறகுதான் கை. விளங்குதோ?"

"விளங்குது."

விளங்கவில்லை.

முதல் நாள் படியிறங்கும்போது முற்றம் எழும்பி வந்தது. கடலில் ஒருநாளும் சத்தி எடுக்காதவன், பூச்சாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எடுத்தேன். இடப்பக்கம் இருந்த எல்லாத்துக்கும் வலப்பக்கத்தில் ஒரு ஆவி, ஒரு பேய்நிழல். நாய்க்கு மேல் ஆவியாக ஒரு வாளி. வாளிக்கு மேல் ஆவியாக றெஜினா. துறைமுகத் தேத்தண்ணிக் கடையில் என் கோப்பை இடப்பக்கம் இருந்தது. அதன் ஆவி வலப்பக்கத்தில் இருந்த ஒருவரின் கோப்பைக்கு மேல் போய் இருந்தது. நான் ஆவியை எடுத்துக் குடித்தேன். சீனி கூடிய தேத்தண்ணி. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைக்காரரிடம் "எனக்கு இன்னொண்டு போடு, இவர் இதையும் குடிப்பார்" என்றார்.

ஏளனம் செய்கிறேனே தவிர, உண்மையைச் சொல்லாமல் விடமாட்டேன். சில மாதத்தில் கண்ணாடி எனக்குப் பழகிவிட்டது. ஒழுங்கையில் சைக்கிள் வந்தால், பிள்ளை குறுக்கே ஓடினால், மூலையில் ஏதோ மினுங்கும். நிற்பேன். திரும்புவேன். பார்ப்பேன். தோளில் காயம் குறைந்தது. சந்தைக்குத் தனியாகப் போனேன். கடையில் வாங்கிய அகலப் பார்வையும் மச்சானின் முகக்கண்ணாடியும் அலுமாரியில் கிடக்கின்றன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு.

நடக்கத் தெரிந்ததும் எனக்குப் பழைய விசர் கிளம்பியது. டொக்டரிடம் கேட்டேன்.

"இனிப் படகு ஓட்டலாமோ?"

"சனம் ஏத்துற படகோ?"

"ஓம்."

"ஏலாது, ஐயா."

"போகேக்கை வேண்டாம். வரேக்கை மட்டும். போகேக்கை களங்கண்டி, தடி எல்லாம் இடப்பக்கம். வரேக்கை எல்லாம் வலப்பக்கம் வந்திடும். வலப்பக்கம் எனக்கு வடிவாத் தெரியும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தா.

"வரேக்கை இடப்பக்கம் கடல் இல்லையோ?"

கடலைத் தெரியாத ஆட்களோடு கடல் கதைக்கக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். 

படகை நடத்தும் சங்கத்தார் டொக்டர் ஓம் என்றால் ஓம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஜெறோமைப் பிடித்தேன். இப்போது அவன்தான் ஓட்டி. பின்னேரம் கடைசிச் சனத்தை இறக்கியபிறகு, வெறும் படகை இரவுக்குக் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோவான். கொஞ்சத் தூரம்தான்.

"ஒருக்கா மட்டுமடா. சனமில்லைத்தானே. நான் ஓட்டிக் காட்டினால் நீ சங்கத்திலை சொல்லு."

"அண்ணை, வேண்டாம்."

"உனக்குச் சுக்கான் பிடிக்கப் பழக்கினது ஆர்?"

"நீங்கள் பழக்கேல்லை. எஞ்சினடியிலை நிண்டு நானாப் பாத்துப் பழகினது."

"பாக்க விட்டது ஆர்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் தோற்றவன். விலத்தி நின்றான்.

கை வைத்ததும் உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது. எல்லாம் கைக்குத் தெரிந்தது, நீர் இழுக்கிற இழுவை, எஞ்சின் நடுங்குகிற நடுக்கம். வெயில் சாய்ந்து கடல் தகரம் மாதிரி மினுங்கியது. தலையை இடப்பக்கம் திருப்பினேன், பார்த்தேன், திருப்பினேன், பார்த்தேன். எவ்வளவு ஒழுங்கு! "எப்பிடி?" என்று ஜெறோமைக் கேட்டேன். அந்தப் பெருமையில் தலையை ஒருமுறை திருப்ப மறந்தேன்.

கண்ணாடியின் கீழ்க்கீற்றில், எனக்கு முன்னால் சற்று வலப்பக்கமாக ஒரு வள்ளத்தின் முகப்பு எழும்பியது. கிட்ட. நல்ல கிட்ட. நாற்பது வருசமாக ஓட்டிய கை தலைக்காகக் காத்திருக்குமோ? வலப்பக்கம் வள்ளம் என்றால் இடப்பக்கம் வெட்டு. வெட்டினேன்.

வள்ளம் இருந்தது இடப்பக்கம்.

ஜெறோமின் கை என் கைக்கு மேல் விழுந்தது. தோளால் இடித்து என்னைத் தள்ளிவிட்டு மறுபக்கம் வெட்டினான். படகு சரிந்தது. வள்ளம் எங்கள் பக்கத்தை உரசிக்கொண்டு போனது. அப்போதுதான் தலையைத் திருப்பினேன். நண்டுவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு புருசனும் பெண்சாதியும். அவ வலையை விட்டுவிட்டு வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தா. அவர் எழும்பி நின்று என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது ஏசியிருப்பேன். வாய் எனக்கு முழுசாகத்தான் இருக்கிறது. அவர் சும்மா பார்த்தார்.

கண்ணாடி பிழை சொல்லவில்லை. இடப்பக்கம் என்னவோ இருக்கிறது என்று அது தன் வேலையைச் செய்தது. எங்கே என்று நான்தான் திரும்பிக் கேட்கவில்லை. கண்ணாடியே இல்லாமல் போயிருந்தால் அந்த வள்ளத்தைக் காணாமலே நேராக ஓட்டிப் பக்கத்தால் போயிருப்பேன். கண்டபடியால்தான் அவர்கள்மேல் ஏற்றப் போனேன். இதை நினைத்துச் சிரிக்கப் பலமுறை முயற்சி செய்திருக்கிறேன். மற்றதெல்லாம் சிரிப்பாக வருகிறது, இது மட்டும் வரவில்லை. அந்த நேரம் படகு நிறையச் சனம் இருந்திருந்தால் என்ற எண்ணம் வரும்போது எழும்பி முற்றத்தில் நடப்பேன். தலையைத் திருப்பித் திருப்பித்தான் நடப்பேன்.

ஜெறோமே படகைக் கொண்டுபோய்க் கட்டினான். வீட்டில் றெஜினாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு யாரோ அதற்கு முதலே சொல்லியிருந்தார்கள். சோற்றைப் போட்டாள். வலப்பக்கம் வந்து இருந்தாள். அவ்வளவு காலமும் அவள் அந்தப் பக்கம் இருந்ததில்லை. அன்றைக்கு என் முகத்தைத் தான் பார்க்கவேண்டும் என்று நினைத்தாளோ, தன் முகத்தை நான் பார்க்கட்டும் என்று நினைத்தாளோ, கேட்கவில்லை.

சில நாள் துறைப்பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் விடிய எழும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். சனம் இன்னும் வரவில்லை. ஜெறோம் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் போய்த் துறைக் கல்லில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான், மறுபடி குனிந்தான்.

"டேய் ஜெறோம். கயிறு பிடிக்க ஆள் வேணுமோ?"

எண்ணெய் விட்டு முடித்துப் போத்தலை மூடினான்.

"வேணும்."

"சனத்துக்குக் கை குடுத்து ஏத்துவன். சாமான் அடுக்குவன். சுக்கானிலை கை வைக்கமாட்டன்."

"ம்."

"அப்ப, ஓடேக்கை நான் படகிலை எந்தப் பக்கம் நிக்கிறது? இடப்பக்கமோ, வலப்பக்கமோ?"

கையைச் சாறத்தில் துடைத்துக்கொண்டு போய்ச் சுக்கானைப் பிடித்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"என்ரை கண்ணுக்குத் தெரியிற பக்கம்."